குற்றாலத்துப் பெரணியும் நம் விசுவாசமும்

ஆனி மாதம் பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டால், தென்காசி மக்களுக்கு வேறு நாட்காட்டி தேவையில்லை. திரிகூடமலை மேகத்துள் மறையும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் விழும். சிற்றாற்றில் புதுநீர் பெருகும். குற்றாலச் சாலையில் வண்டிகள் வரிசை கட்டும். ஏறத்தாழ அதே நாட்களில்தான், ஜூன் 24 அன்று, திருச்சபை புனித திருமுழுக்கு யோவானின் பிறப்புப் பெருவிழாவைக் கொண்டாடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் திருநாளின் மாலைத் திருப்பலி முடிந்தபின், நம் பங்கின் உபதேசியார் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த பிள்ளை. தாவரவியல் படிக்க விரும்பினாள். தந்தைக்கோ தயக்கம். "சாமி, காலேஜில குரங்கிலிருந்து மனுஷன் வந்தான்னு சொல்லிக் கொடுப்பாங்களாம். பிள்ளைக்கு விசுவாசம் போயிருமோன்னு பயமா இருக்கு" என்றார். மகள் கேட்டது இன்னும் நேரான கேள்வி: "ஃபாதர், தொடக்கநூலில ஆறு நாள்னு இருக்கு. பாடப் புத்தகத்தில கோடிக்கணக்கான வருஷம்னு இருக்கு. ரெண்டுல எது சரி?"

நாம் ஒரு கூட்டத்திற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். "படிப்பு வேறு, விசுவாசம் வேறு அம்மா. பரீட்சையில் அதை எழுது, கோயிலில் இதை நம்பு" என்று சொல்லிவிட்டு நடந்தோம். அவள் மறுமொழி சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றிரவு அந்தக் குனிந்த தலை நம்மை உறங்கவிடவில்லை. கல்லூரிக்கு ஓர் உண்மை, கோயிலுக்கு ஓர் உண்மை என்று இரண்டைச் சுமக்கும்படி ஒரு குழந்தைக்குக் கற்பித்துவிட்டோம். இரண்டில் ஒன்றை அவள் என்றாவது கீழே போடுவாள். எதைப் போடுவாள் என்று ஊகிப்பது கடினமன்று. நாம் சொன்ன பதிலைத் திருத்திக்கொள்ளும் பொருட்டே, இம்மலையைச் சுற்றிய ஒரு பழைய வரலாற்றைத் தேடிப் படித்தோம். அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயன் தரும் என எண்ணுகிறோம்.

காணாத விதை

குற்றாலத்து அருவிகளின் ஓரத்தில், சாரல் தெறிக்கும் பாறை இடுக்குகளில், இறகு விரித்தாற்போல் நிற்கும் செடிகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவையே பெரணிகள். அவை பூப்பதில்லை, காய்ப்பதில்லை. அப்படியானால் அவை பெருகுவது எவ்வாறு?

இக்கேள்வி ஐரோப்பியக் கிறிஸ்தவ நாடுகளை நெடுங்காலம் குழப்பியது. விதையில்லாமல் செடி ஏது என்று எண்ணிய மக்கள், விதை இருக்கிறது, ஆனால் கண்ணுக்குப் புலப்படாது என்று தாமே முடிவு செய்துகொண்டார்கள். புனித யோவான் திருநாளுக்கு முந்திய இரவில் பெரணி ஒரு கணம் பூக்கும் என்றும், அந்த விதையைப் பெற்றவன் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து நடமாடலாம் என்றும் கதைகள் பரவின. ஒரு புனிதரின் திருநாள் இவ்வாறு ஒரு மூடநம்பிக்கைக்கு இருப்பிடமாயிற்று.

உண்மை வெளிப்பட்டது 19-ஆம் நூற்றாண்டில். பெரணி இலையின் பின்புறத்தில் பழுப்பு நிறப் புள்ளிகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். அவற்றிலிருந்து தூசு போல் உதிர்பவை ஸ்போர்கள். ஈர மண்ணில் விழும் ஸ்போர் நேராகப் பெரணியாக முளைப்பதில்லை. முதலில் விரல் நகத்தைவிடச் சிறிய, பெரும்பாலும் இதய வடிவமான, மெல்லிய பச்சைத் தகடு ஒன்று தோன்றுகிறது. அதில்தான் ஆண் அணுவும் பெண் அணுவும் உண்டாகின்றன. அத்தகட்டின்மேல் படிந்திருக்கும் நீர்ப்படலத்தில் நீந்திச் சென்று ஆண் அணு பெண் அணுவைச் சேர்ந்த பிறகே, நாம் காணும் பெரணி எழுகிறது. போலந்து நாட்டவரான லெஷ்சிட்ஸ் சுமின்ஸ்கி 1848-இல் இத்தகட்டின் மறைபொருளைக் கண்டு வெளியிட்டார். 1851-இல் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் என்னும் ஜெர்மானியர், பாசிவகைச் செடிகள் முதல் ஊசியிலை மரங்கள் வரை இத்தகைய இரு தலைமுறை மாற்றம் தொடர்ந்து காணப்படுவதை விளக்கினார். இவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். தந்தையின் புத்தக வணிகத்தில் உழைத்துக்கொண்டே, விடியற்காலையில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தவர்.

குற்றாலத்தில் பெரணிகள் செழிப்பதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. அந்த நீர்ப்படலம் இன்றேல் அடுத்த தலைமுறை இல்லை. அருவியின் தெறிப்பும் மாதக்கணக்கில் நீடிக்கும் சாரலும் மலைக்காட்டின் நிழலும் அதனைக் காத்துக் கொடுக்கின்றன. மாயவிதைக் கதையைவிட உண்மை எவ்வளவு வியப்பானது! பார்க்கும் பொறுமையில்லாத இடத்தைக் கற்பனை நிரப்பியிருந்தது. பொறுமையோடு பார்த்தபோது, படைப்பு நம் கற்பனையைவிடப் பெரியதென்று தெரிந்தது.

மலைக்கு வந்தவர்கள்

குற்றாலத்தின் பெயர் தாவரவியல் ஏடுகளில் ஏறியது நெடுநாட்களுக்கு முன்பே. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ராபர்ட் வைட் (1796–1872) 1830-களில் கம்பெனிப் படைப்பிரிவின் மருத்துவராகப் பாளையங்கோட்டையில் இருந்தபோது இம்மலைகளில் செடிகளைச் சேகரித்தார். அவர் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் இனத்திற்கு வைட் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். காட்டுவழி காட்டிய, கட்டுகளைச் சுமந்த மலைமக்களின் பெயர்களோ பெரும்பாலும் ஏடேறவில்லை. பின்னர் வனத்துறை அதிகாரி பெட்டோம் தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிய படநூலை 1863-இல் வெளியிடத் தொடங்கினார்.

இவர்கள் அரசுப் பணியாளர்கள். இவர்களுக்குப் பின்னர் வந்தவர்களுள் சிலர் நமக்கு நெருங்கியவர்கள். திருப்பலி நிறைவேற்றிய கைகளால் செடிகளை உலர்த்தியவர்கள்.

அங்கி அணிந்த தாவரவியலார்

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையார் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். குருமாணவர் பயிற்சிக்காக எழுந்த அந்த இல்லம், பழனிமலையின் உயிரினங்களை ஆராயும் இடமாகவும் வளர்ந்தது. அங்கு வாழ்ந்த பிரெஞ்சுத் துறவி அருள்திரு லூயி ஆங்லாது மலைச்செடிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். பழனிமலையின் கல்திட்டைகளைப் பற்றி அவரும் நியூட்டன் என்பவரும் எழுதிய ஆய்வைத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. அருள்திரு ஃபொரோ, பாறைகளைப் போர்த்தும் மாஸ் என்னும் சின்னஞ்சிறு செடிகளை ஆராய்வதில் ஈடுபட்டார். காலில் மிதிபடும் பசுமையை இனம் இனமாகப் பிரித்துப் பெயரிடுவதில் ஒரு குருவின் ஆண்டுகள் கழிந்தன.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர் அருள்திரு அல்ஃபிரட் ரப்பினா (1892–1959). அவர் பெயரால் 1967-இல் அக்கல்லூரியில் ஓர் உலர்தாவரகத்தை நிறுவியவர் அருள்திரு கே. எம். மத்தேயு. தமிழகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றி 1980-களில் பல தொகுதிகளையும், பழனிமலைத் தாவரங்களைப் பற்றி 1999-இல் மூன்று தொகுதிகளையும் வெளியிட்டு, 2004-இல் இறைவனடி சேர்ந்தார். ஸ்பெயினிலிருந்து வந்த இயேசு சபைக் குரு சாந்தப்பாவு, விடுதலை பெற்ற இந்தியாவின் தாவரவியல் ஆய்வுத்துறைக்கே தலைமை தாங்கி, 1967-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நம் மலைக்கு வருவோம். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி 1923-இல் தொடங்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய இயேசு சபைக் குரு வி. எஸ். மாணிக்கம் பெரணிகளையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். பழனிமலைப் பெரணிகளைப் பற்றிய அவரது நூல் 1986-இல் வந்தது. இருதயராஜ் என்பவரோடு சேர்ந்து எழுதிய, தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளைப் பற்றிய நூல் 1992-இல் வெளியாயிற்று. அவரும் அவருடைய குழுவினரும் திருநெல்வேலி மலைகளின் தாவரங்களைத் தொகுத்த நூல் 2008-இல் வெளிவந்தது.

இப்பணி எத்தகையது என்பதை வாசகர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். அட்டை கடிக்கும் காட்டில் நடந்து செடியைக் கண்டடைய வேண்டும். பழைய செய்தித்தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி, ஈரம் போகும்வரை தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தடித்த தாளில் ஒட்டி, எடுத்த இடம், நாள், மலையின் உயரம், எடுத்தவர் பெயர், வரிசை எண் அனைத்தையும் எழுத வேண்டும். பின்பு பிற நாட்டுத் தாள்களோடு ஒப்பிட வேண்டும். ஒரு பெயரை உறுதி செய்யச் சில வேளைகளில் ஆண்டுகள் ஆகும்.

இதில் நாம் கற்கத் தக்கது ஒன்றுண்டு. இந்தக் குருக்களுக்குச் செபம் குறுக்குவழி காட்டவில்லை. ஒரு பெரணி எவ்வினம் என்பதைத் திருப்பலிப் புத்தகம் சொல்லாது. இலையின் பின்புறத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். தவறாகப் பெயரிட்டால், சமயமே இல்லாத ஒருவர் அதனைத் திருத்தக்கூடும். குருவும் அந்தத் திருத்தத்தை ஏற்றேயாக வேண்டும். எனில் விசுவாசம் அவர்களுக்கு என்னதான் கொடுத்தது? பார்க்கத் தகுந்தது இது என்ற உறுதியைக் கொடுத்தது. இலாபம் தராத, புகழ் தராத ஒரு பாசிக்காக ஓர் ஆயுளைச் செலவிடலாம், ஏனெனில் அதுவும் அவர் கைவேலை என்ற துணிவைக் கொடுத்தது.

நம் குறைகளையும் சொல்வோம்

இவ்வரலாற்றைப் பெருமையாகப் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டால் நேர்மையாகாது. திருச்சபை 1633-இல் கலிலேயோவைக் கண்டித்தது. பூமி சுழல்வதைச் சொன்ன அவரது நூல் தடைப் பட்டியலிலிருந்து நீங்கியது 1835-இல்தான். அவ்வழக்கில் இறையியலார் தவறியதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992 அக்டோபர் 31 அன்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இத்தனைக்கும், இயற்கையைப் பற்றி அறியாமல் பேசும் கிறிஸ்தவர் மறைநூலையே பிறர் நகைக்கச் செய்கிறார் என்று புனித அகுஸ்தினார் ஐந்தாம் நூற்றாண்டிலேயே எச்சரித்திருந்தார். நம் கையில் இருந்த எச்சரிக்கையை நாமே வாசிக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அறிவியல் நமக்குச் சாதகமாகத் தோன்றும்போது ஓடிச்சென்று பற்றிக்கொள்வது. பெல்ஜியம் நாட்டு ஜார்ஜ் லெமெத்தர் (1894–1966) நம்மைப் போல் ஒரு மறைமாவட்டக் குரு. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்பதை 1927-இல் கணித்து எழுதியவர். 1931-இல், அனைத்தும் ஆதி அணு ஒன்றிலிருந்து தொடங்கின என்ற கருத்தை முன்வைத்தவர். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஓர் உரையில், இத்தகைய ஆய்வுகள் படைப்புக்குச் சான்று பகர்வதுபோல் பேசினார். குருவாகிய லெமெத்தர் மகிழ்ந்திருக்க வேண்டுமல்லவா? அவரோ அதனை விரும்பவில்லை. தம் கொள்கை இயற்பியலைச் சேர்ந்தது, அதன்மேல் விசுவாசத்தைக் கட்ட வேண்டாம் என்பதே அவர் நிலை. நாளை அக்கொள்கை மாறினால், அதன்மேல் கட்டிய வீடு என்ன ஆகும்? தம் அறிவியலையும் தம் விசுவாசத்தையும் ஒருங்கே மதித்ததனால் அவர் அவ்வாறு நின்றார்.

அறிவியல் ஆய்வாளருக்கு நாம் செவிகொடுக்காமல் போனது போலவே, அறிவியல் உலகமும் சில வேளைகளில் செவிகொடுக்கவில்லை. பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபு விதிகளைக் கண்ட அகுஸ்தினார் சபைத் துறவி கிரகோர் மெண்டல், 1866-இல் தம் முடிவை வெளியிட்டார். உலகம் அதன் மதிப்பை உணர்ந்தது 1900-இல். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துபோனார். காத்திருத்தல் இரு தரப்பிற்கும் பொதுவான பாடம்.

திருத்திய பதில்

உபதேசியாரின் மகளுக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்ன? தொடக்கநூலின் முதல் அதிகாரத்தையே அவளோடு அமர்ந்து வாசித்திருக்க வேண்டும். அங்கே செடிகொடிகள் முளைப்பது மூன்றாம் நாள். கதிரவன் உண்டாவது நான்காம் நாள். வெயிலின்றிப் பயிர் விளையாது என்பது அதை எழுதியவருக்குத் தெரியாதா? அவர் கால அட்டவணை எழுத அமரவில்லை. மறைநூல் அறிஞர் பலர் கருதுவதுபோல், அப்பகுதி பாபிலோனிய அடிமைத்தனத்தின் பின்னணியில் உருவானது. கதிரவனையும் நிலவையும் தெய்வங்களாக வணங்கிய நாட்டின் நடுவே, அவற்றைப் பெயர் சொல்லாமலேயே வெறும் பெரிய விளக்கு, சிறிய விளக்கு என்று ஆக்கிவிடுகிறார் ஆசிரியர். ஆறு நாள் உழைப்பும் ஏழாம் நாள் ஓய்வுமாகப் படைப்பை வழிபாட்டின் வடிவில் அமைக்கிறார். யார் படைத்தார், எதற்காக என்பதே அவர் செய்தி. எத்தனை கோடி ஆண்டுகள் என்பதைப் பாறைகளிடம் கேட்க வேண்டும். மனித உடலின் தோற்றத்தைப் பற்றிய ஆய்வைப் பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் தடுக்கவில்லை. பரிணாமக் கொள்கை வெறும் ஊகத்தைவிட மேலானது என்று இரண்டாம் யோவான் பவுல் 1996-இல் எழுதினார்.

இதனால் எல்லாக் கேள்விகளும் தீர்ந்துவிட்டன என்று சொல்லமாட்டோம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஓர் இளம் மாணவனின் உயிரைக் கொண்டுபோனது. மலைமேல் பெய்யும் மழை எவ்வளவு விரைவில் அருவிக்கு வரும் என்பதைக் கணித்து எச்சரிப்பது அறிவியலின் கடமை. அந்த எச்சரிக்கைக்கு ஏற்பாடு செய்யாமல், எல்லாம் ஆண்டவன் சித்தம் என்று நாம் சொன்னால் அது விசுவாசமன்று, கவலையீனம். ஆயினும், இழந்த வீட்டில் ஒரு தாய் "ஏன் என் பிள்ளை?" என்று கேட்கும்போது, மழையளவைச் சொல்வது பதிலாகாது. அங்கே உடன் அமர்ந்து அழுவதற்கும், சிலுவையை நோக்குவதற்கும் மட்டுமே நம்மிடம் வழி இருக்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்ய முடியாது. ஒன்றைச் சாக்கிட்டு மற்றொன்றை விட்டுவிடவும் கூடாது.

சாலமோனின் ஞானம் ஏழாம் அதிகாரத்தில் ஓர் அரிய இடம் உண்டு. அரசன் தனக்கு இறைவன் அருளிய அறிவை வரிசைப்படுத்துகிறான். விண்மீன்களின் இருப்பும் விலங்குகளின் இயல்பும் அதில் வருகின்றன. செடிகளின் வகைகளும் வேர்களின் ஆற்றலும் வருகின்றன. இவை அனைத்தும் இறைவனின் கொடை என்கிறது மறைநூல். அரசர் முதல் நூலோ, அவன் லெபனோனின் கேதுரு முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்பு வரை பேசினான் என்கிறது. பெருமரத்தோடு அறிவு நின்றுவிடவில்லை. சுவரில் முளைத்ததையும் குனிந்து பார்த்தது.

மறுவாரம் நாம் உபதேசியாரின் வீட்டிற்குச் சென்றோம். "அன்று நாம் சொன்னது தவறு" என்று மகளிடம் சொன்னோம். மேலே எழுதியதைச் சுருக்கமாக விளக்கினோம். அவள் கல்லூரியில் சேர்ந்தாள்.

அடுத்த ஆண்டு சாரல் நாட்களில் விடுமுறைக்கு வந்தவள், ஒரு கைவில்லையோடு பங்கு இல்லத்திற்கு வந்தாள். தந்தையும் உடன் வந்தார். குற்றாலத்திற்கு அழைத்துப் போவாள் என்று எண்ணினோம். அவளோ நம்மைக் கோயில் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றாள். நாம் பல ஆண்டுகள் தண்ணீர் இறைத்த கிணறு. அதன் உள்சுவரின் கல்லிடுக்கில் பெரணிகள் நின்றன. ஓர் இலையைக் கிள்ளாமல் மெதுவாகத் திருப்பிக் காட்டினாள். வில்லை வழியே பார்த்தோம். பழுப்புப் புள்ளிகள், தைத்தாற்போல் வரிசை வரிசையாக. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் எண்ணற்ற துகள்கள்.

உபதேசியார் வில்லையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "இம்புட்டையும் ஆண்டவர் எண்ணி வச்சிருப்பாரா சாமி?" என்று கேட்டார்.

"எண்ணித்தான் வைத்திருப்பார். நாமும் எண்ணிப் பார்க்கட்டும் என்றுதான் உம்முடைய மகளைப் படிக்க அனுப்பியிருக்கிறார்" என்றோம்.

அவர் வில்லையை மகளிடம் கொடுக்காமல் மீண்டும் குனிந்தார்.